ஹீட்டர் காயில் லீக்: மருந்து ஊத்தறதா, பைபாஸ் போடறதா, டேஷ்போர்டை இறக்கி மாத்திடறதா?

போன டிசம்பர்ல கோத்தகிரியில இருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிட்டு இருந்தோம், சாயங்காலம் ஆறு மணி இருக்கும், ரோட்டுல நல்ல பனிமூட்டம். கண்ணாடி உள்பக்கம் மங்குதேன்னு வழக்கம்போல ஹீட்டரை ஃபுல்லா திருப்பி காத்தைக் கண்ணாடிப் பக்கம் விட்டேன். தெளியறதுக்குப் பதிலா இன்னும் மோசமாயிருச்சு. துணியால தொடைச்சா எண்ணெய்க் கையால தடவின மாதிரி இழுபடுது, எதிர்ல வர்ற பஸ்ஸோட லைட்டு அந்தக் கோட்டுல பட்டு நாலாப் பக்கமும் சிதறுது, ரோடு எங்க முடியுது பள்ளம் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியல. பின்னாடி உக்காந்திருந்த பொண்ணு "அப்பா, வெல்லப்பாகு காய்ச்சற மாதிரி வாசம் வருது"ன்னு சொன்னா. அப்பத்தான் எனக்கு பகீர்னு ஆச்சு. ஓரமா ஒரு டீக்கடை வாசல்ல நிறுத்தி, முன் சீட்டுல கால் வைக்கற எடத்துல இருக்கற கால்மிதியைத் தூக்கி வெள்ளைக் கர்சீப்பை அழுத்தி எடுத்தேன், பச்சைக் கலர் ஒட்டிக்கிட்டு வந்துச்சு, விரல்ல தேச்சா வழவழன்னு இருக்கு. கூலண்ட், அதாவது இஞ்சினைக் குளிர வைக்கற திரவம்.

என்னுது 2003 மாடல் பெட்ரோல் கார், ஓடினது ஒரு லட்சத்து அறுபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல. நான் இருக்கறது கோயம்புத்தூர், மாமனார் வீடு கோத்தகிரி பக்கம், மாசத்துல ரெண்டு தடவை மலை ஏறி இறங்கற வண்டி. இதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா இந்த விஷயத்துல எது சரி எது தப்புங்கறது வண்டி எங்க ஓடுதுங்கறதைப் பொறுத்துத்தான் இருக்கு. என் அண்ணன் வண்டிக்கும் இதே பிரச்சனை வந்துச்சு, அவர் திருப்பூர்ல இருக்கார், அவர் எடுத்த முடிவும் நான் எடுத்த முடிவும் வேற வேற, ரெண்டு பேர் பண்ணதும் சரிதான்.

ஹீட்டர் காயில்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: ரேடியேட்டரோட குட்டித் தம்பி மாதிரி ஒண்ணு டேஷ்போர்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கும். இஞ்சின்ல சூடான கூலண்ட் ரெண்டு ஹோஸ் வழியா ஃபயர்வாலை (இஞ்சினுக்கும் நாம உக்கார்ற எடத்துக்கும் நடுவுல இருக்கற தகரத் தடுப்பு) தாண்டி உள்ள வந்து அந்தக் காயிலைச் சுத்திட்டுத் திரும்பிப் போகும், ப்ளோயர் காத்து அது மேல பட்டு சூடாகி நம்ம பக்கம் வரும். இஞ்சின் சூடு எப்படியும் வீணாப் போறதுதான், அதனால ஹீட்டருக்குன்னு தனியா பெட்ரோல் செலவு ஒண்ணும் கிடையாது. ஆனா அந்தக் காயில் ஓட்டையானா சூடு கூலண்ட் நேரா நம்ம கால்ல, கார்பெட்ல, ஆவியா கண்ணாடியில வந்து உக்காரும்.

சரி, முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி இது உண்மையிலேயே காயில்தானான்னு உறுதி பண்ணிக்கங்க. கால் பக்கம் ஈரம்னதும் எல்லாரும் ஹீட்டர் காயில்னு முடிவு கட்டிடறாங்க. ஏசி தண்ணி வெளிய போற குழாய் அடைச்சாலும் அதே எடத்துல ஈரமாகும், ஆனா அது வெறும் தண்ணி, கலர் இருக்காது, வாசம் இருக்காது, வழுக்காது. மழைத்தண்ணி கண்ணாடிக்குக் கீழ இருக்கற பள்ளத்துல இருந்து உள்ள இறங்கறதும் உண்டு. கூலண்டா இருந்தா கலர் இருக்கும், தித்திப்பு வாசம் இருக்கும், நாள் கணக்கா காய விட்டாலும் பிசுபிசுப்பு போகாது. அது கூலண்ட்தான்னு ஆனபிறகும் ஃபயர்வால்ல ஹோஸ் மாட்டற எடத்தை ஒரு தடவை டார்ச் அடிச்சுப் பாருங்க, பல வண்டில அங்க ஒரு கிளிப்பு லூசாகியோ ஹோஸ் முனை வெடிச்சோ இருக்கும், அம்பது ரூபா கிளிப்புல முடியற வேலைக்கு டேஷ்போர்டை இறக்கினவங்க உண்டு. நல்ல ரேடியேட்டர் கடைக்காரர்கிட்ட கையால பம்ப் பண்ணி ப்ரஷர் பாக்கற கருவி இருக்கும், ரேடியேட்டர் மூடி எடத்துல அதை மாட்டி மூடியில போட்டிருக்கற அளவுக்கு, 0.9 இல்லாட்டி 1.1ன்னு இருக்கும், அந்த அளவுக்கு ப்ரஷர் ஏத்தி விட்டா பத்து நிமிஷத்துல எங்க வழியுதுன்னு காட்டிக் கொடுத்துரும். இஞ்சின் சூடா இருக்கும்போது மட்டும் அந்த மூடியைத் திறந்துடாதீங்க, முகத்துல அடிச்சா தோல் உரிஞ்சிரும்.

அன்னிக்கு ராத்திரி நடுரோட்டுல நான் செஞ்சது, ஹீட்டர் குமிழைத் திருப்பி கோல்டுல வெச்சேன். சில பழைய வண்டில ஹீட்டருக்குப் போற ஹோஸ்ல ஒரு வால்வு இருக்கும், குமிழை கோல்டுக்குத் திருப்பினா காயிலுக்குப் போற கூலண்டே நின்னுரும், லீக்கும் குறைஞ்சிரும். என் வண்டில அது இருந்துச்சு, பிழைச்சோம். வால்வு இல்லாத வண்டில கூலண்ட் எப்பவும் காயில் வழியா ஓடிக்கிட்டேதான் இருக்கும், குமிழு உள்ள இருக்கற கதவை மட்டும்தான் திருப்பும், அதுல இந்த வித்தை பலிக்காது. உங்க வண்டி எந்த ரகம்னு நல்லா இருக்கும்போதே தெரிஞ்சு வெச்சுக்கங்க.

இனி வழிகள். கடையில ரேடியேட்டர்ல ஊத்தற லீக் அடைக்கற மருந்து கிடைக்கும், அதுதான் எல்லாரும் முதல்ல கை வைக்கறது. நம்ம ஊர் லாரி டிரைவர்ங்க மஞ்சத்தூள் போடுவாங்க, அதுவும் அதே கணக்குதான், தூள் தண்ணியில கலந்து ஓடி ஓட்டை இருக்கற எடத்துல போய் அடைஞ்சுக்கும். நடுக்காட்டுல நின்னுட்டா, வீடு போய்ச் சேர வேற வழியே இல்லைன்னா மஞ்சத்தூள் போட்டு வந்தவங்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா இதை ஒரு ரிப்பேர்னு நினைச்சு செய்யறதுக்கு நான் ஒத்துக்கவே மாட்டேன். ஓட்டையை அடைக்கற தூளுக்கு எது ஓட்டை எது வழின்னு தெரியாது. இருக்கறதுலயே சின்ன சந்து ஹீட்டர் காயில்லயும் ரேடியேட்டர்லயும்தான் இருக்கு, அங்கதான் போய் மண்டும். லீக் நின்னுரும், கூடவே ஹீட்டரும் சூடு தராது, அடுத்த தடவை ஏத்தத்துல இஞ்சின் சூட்டைக் காட்டற முள்ளு மேல போகும், அப்புறம் ரேடியேட்டரையும் சேர்த்துத்தான் மாத்தணும். அம்பது ரூபா மஞ்சத்தூளா இருந்தாலும் ஐநூறு ரூபா பாட்டிலா இருந்தாலும் இதே கதைதான். அதுமட்டுமில்ல, மருந்து ஊத்தின வண்டியில பின்னாடி புதுக் காயில் போட்டா பழைய குப்பை வந்து புதுசையும் அடைக்கும், முழுசா ஃப்ளஷ் பண்ணாம போடவே கூடாது.

அடுத்தது பைபாஸ். மெக்கானிக்குங்க பாதிப்பேர் முதல் வார்த்தையா சொல்றது இதுதான், "அண்ணா, ஹீட்டர் எதுக்கு நம்ம ஊர்ல, சுத்திவிட்ரலாம்"னு. ஃபயர்வாலுக்கு வர்ற ரெண்டு ஹோஸையும் காயில்ல இருந்து கழட்டி, ஒண்ணோட ஒண்ணை சேர்த்து வளைச்சு மாட்டிடறது, கூலண்ட் உள்ள வராமயே திரும்பிப் போயிரும். அண்ணன் இதைத்தான் செஞ்சார், ஹோஸ், ரெண்டு கிளிப்பு, கூலி எல்லாம் சேர்த்து அறநூறு ரூபாகூட ஆகல, அரை மணி நேர வேலை. திருப்பூர்ல வருஷத்துல எத்தனை நாள் ஹீட்டர் போடுவோம் சொல்லுங்க. மழைக்காலத்துல கண்ணாடி மங்கினா ஏசி போட்டாலே தெளிஞ்சிரும், ஏசி காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சி எடுத்துரும்ல, சமவெளியில அது போதும். மூணு வருஷமா ஓட்டறார், ஒரு குறையும் இல்ல. வண்டியை இன்னும் ஒண்ணு ரெண்டு வருஷத்துல கொடுத்துரப் போறோம், ஓடறது எல்லாம் ஈரோடு, சேலம், மதுரை பக்கம்தான்னா இதுக்கு மேல காசு செலவு பண்ண வேண்டியதே இல்லைன்னுதான் நானும் சொல்லுவேன்.

ஆனா பைபாஸ்லயும் ஒழுங்கா செய்யறது இருக்கு, ஒப்பேத்தறது இருக்கு. வீட்டுத் தோட்டத்துக்குப் போடற பிளாஸ்டிக் ஹோஸ், பெட்ரோல் ஹோஸ் இதெல்லாம் மாட்டி அனுப்பிடறாங்க, அது 90 டிகிரி சூட்டுக்கும் ப்ரஷருக்கும் தாங்காது, நடுவழியில வெடிச்சா இஞ்சின்ல இருக்கற மொத்த கூலண்டும் ரெண்டு நிமிஷத்துல ரோட்டுல போயிரும். கூலண்டுக்குன்னே வர்ற ரப்பர் ஹோஸ், சரியான அளவு, நிறைய கார்ல 16 மில்லிமீட்டர் வரும், அதைத்தான் கேட்டு வாங்கணும். வளைவு மடங்காம இருக்கணும், மடங்கினா ஓட்டம் நின்னுரும். இன்னும் சிலர் ரெண்டு பக்கமும் போல்ட்டைச் சொருகி கிளிப்பு போட்டு அடைச்சுருவாங்க. அது வேண்டவே வேண்டாம். சில இஞ்சின்ல தெர்மோஸ்டாட் (இஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி விடற வால்வு) திறக்கறதுக்கு முன்னாடி கூலண்ட் சுத்தி வர்ற பாதையே அந்த ஹீட்டர் லைன்தான், அதை அடைச்சுட்டா சூடு தெர்மோஸ்டாட்டுக்கு ஒழுங்கா போய்ச் சேராது. சுத்திவிடலாம், அடைக்கக் கூடாது. வேலை முடிஞ்சதும் ஏர் எடுக்கச் சொல்லுங்க, காத்து உள்ள நின்னுட்டா முள்ளு ஏறி இறங்கி பயமுறுத்தும்.

நானும் முதல்ல பைபாஸ்தான் போட்டேன். அடுத்த நாளே போட்டேன், அது சரியான காரியம்னு இப்பவும் சொல்லுவேன், ஏன்னா ஓட்டைக் காயிலோட ஒரு நாள்கூட ஓட்டக் கூடாது, அது சொட்டறதுல இருந்து பீறிட்டு அடிக்கறதுக்கு எப்ப மாறும்னு சொல்லவே முடியாது, வளைவுல திரும்பும்போது காலுல கொதி கூலண்ட் கொட்டினா என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க. ஆனா பைபாஸோட ஜனவரியில ரெண்டு தடவை மலைக்குப் போனேன், அப்பத்தான் ஹீட்டரோட அருமை தெரிஞ்சுது. ஊட்டியில ஜனவரி விடியக்காலையில புல்லு மேல வெள்ளையா உறைபனி கிடக்கும், அந்தக் குளிர்ல நாலு பேர் மூச்சு விட்டா ஒரு நிமிஷத்துல கண்ணாடி மூடிரும். ஏசி போட்டா கண்ணாடி ஓரளவு தெளியும், ஆனா கை மரத்துப் போயி ஸ்டீயரிங்கே பிடிக்க முடியல, ஜன்னலைத் திறந்தா பாப்பாவுக்குச் சளி. ஈரத்தை எடுக்க ஏசியும், அந்தக் காத்தைச் சூடாக்க ஹீட்டரும் ரெண்டும் சேர்ந்து ஓடினாத்தான் மலையில கண்ணாடி ஒழுங்கா தெளியும். கண்ணாடி தெளியலைன்னா குன்னூர் மலைப்பாதையில பர்லியார் வளைவுல எதிர்ல பஸ் வர்றது தெரியாது.

இன்னொரு விஷயம் நிறையப் பேர் கவனிக்கறதில்ல. மலை ஏறும்போது இஞ்சின் சூடேறிட்டா ஏசியை ஆஃப் பண்ணிட்டு ஹீட்டரை ஃபுல்லா வைங்கன்னு பழைய டிரைவர்ங்க சொல்லுவாங்க, அது சும்மா சொல்றது இல்ல, ஹீட்டர் காயில் அந்த நேரத்துல ரெண்டாவது ரேடியேட்டர் மாதிரி வேலை செய்யும், முள்ளு இறங்கறதைக் கண்ணால பாக்கலாம். பைபாஸ் போட்ட வண்டிக்கு அந்தக் கடைசிக் கைப்பிடி கிடையாது. மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் போறதுக்குள்ள கிட்டத்தட்ட 1,500 மீட்டர் ஏறறோம். அதோட மேல போகப் போக தண்ணி சீக்கிரமா கொதிக்கும், ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்க திறந்த பாத்திரத்துல தண்ணி 92, 93 டிகிரியிலயே கொதிச்சிரும், இஞ்சின் சாதாரணமா ஓடற சூடே அதுக்குப் பக்கத்துலதான் இருக்கு. கூலண்டும் மூடியோட ப்ரஷரும் ஒழுங்கா இருந்தாத்தான் அது கொதிக்காம நிக்குது. லீக் இருந்தா ப்ரஷர் நிக்காது, லீக்கோட வெறும் தண்ணியை ஊத்தி ஊத்தி மலை ஏறினா ஹெட் கேஸ்கெட் (இஞ்சினோட மேல் பாகத்துக்கும் கீழ் பாகத்துக்கும் நடுவுல இருக்கற சீல்) போறதுக்கு நாமளே வழி விட்டுக்கொடுக்கறோம்னு அர்த்தம், அந்தச் செலவுக்கு முன்னாடி ஹீட்டர் காயில் எல்லாம் ஒண்ணுமே இல்ல.

சிலர் லைட்டர் சாக்கெட்டுல சொருகற சின்ன ஹீட்டர் ஃபேன் வாங்கலாமான்னு கேக்கறாங்க. வேண்டாம். 12 வோல்ட், 15 ஆம்பியர் ஃபியூஸ், கணக்குப் போட்டா 180 வாட்டுக்கு மேல அந்த சாக்கெட்டால தர முடியாது. இஞ்சின் சூட்டுல ஓடற காயில் கிலோவாட் கணக்குல சூடு தர்றது. ஹேர் டிரையர்ல பத்துல ஒரு பங்கு வேகத்துல கண்ணாடியைக் காய வைக்கற மாதிரிதான், கூடவே வயர் சூடாகற பயம் வேற.

பழைய காயிலையே பத்தவைக்கறதுங்கறது பித்தளை, செம்புக் காயிலுக்குத்தான் சரி. அம்பாசடர் காலத்து வண்டி வெச்சிருக்கறவங்களுக்கு இது நல்ல வழி, ரேடியேட்டர் கடையில ஈயம் வெச்சு ஒட்டி, தண்ணித் தொட்டியில முக்கி காத்து அடிச்சு காத்துக் குமிழி வருதான்னு பாத்துக் கொடுப்பாங்க, வருஷக்கணக்குல ஓடும். அதுக்கு அப்புறம் வந்த வண்டில பெரும்பாலும் அலுமினியம், ரெண்டு பக்கமும் பிளாஸ்டிக் டேங்க், அதுல ஈயம் ஒட்டாது. என் காயிலைக் கழட்டினதும் ரேடியேட்டர் கடைக்காரர்கிட்ட காட்டினேன், அவர் கையில வாங்கி வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சார், தகடு நடுவுல வெள்ளையா சுண்ணாம்பு பூத்த மாதிரி பொடி, நகத்தால லேசா சுரண்டினதும் அந்த எடமே உதிர்ந்து வந்துருச்சு. "ஒரு ஓட்டையை அடைச்சா பக்கத்துல நாலு ஓட்டை ரெடியா இருக்கு தம்பி, இதுக்கு நான் காசு வாங்கினா பாவம்"னார்.

பழைய வண்டிக்கு சாமான் கிடைக்கலைன்னா கோயம்புத்தூர்ல உக்கடம், சென்னையில புதுப்பேட்டைன்னு போய் கழட்டின காயில் வாங்கறது உண்டு. விலை குறைவு, ஆனா அதுவும் உங்க காயில் வயசுதான், அதை மாட்டறதுக்கும் இதே கூலிதான். இதுல சாமான் விலை கொஞ்சம், டேஷ்போர்டை இறக்கி ஏத்தற கூலிதான் அதிகம், கூலி அதிகமான வேலையில பழைய சாமான் போட்டு ரிஸ்க் எடுக்கறது எனக்கு மனசு ஒப்பல. புதுசு கிடைக்கவே இல்லைன்னா மட்டும், கண்ணு முன்னால ப்ரஷர் போட்டுப் பாத்து வாங்குங்க.

அதனால நான் புதுசு போட்டேன். காயில் 2,300, கூலி 5,000, கூலண்ட், ஹோஸ், சின்னச் சின்ன ரப்பர் வளையம் எல்லாம் சேர்த்து மொத்தம் 9,000 பக்கம் ஆச்சு, ஒண்ணரை நாள் வேலை. இந்த வண்டி இன்னும் அஞ்சாறு வருஷம் என்கிட்ட இருக்கும், மாசம் ரெண்டு தடவை குழந்தையோட மலை ஏறும், எனக்கு இந்தக் காசு நிறைவாத்தான் இருக்கு. கூலி வண்டிக்கு வண்டி மாறும், சில வண்டில கால் பக்கத்துல இருந்தே காயிலை உருவிரலாம், சில வண்டில ஸ்டீயரிங்கையும் சேர்த்து இறக்கணும், சிலதுல ஏசி கூலிங் காயிலும் அதே பெட்டியில இருக்கறதால கியாஸை எடுத்துட்டுத்தான் கை வைக்க முடியும், அப்ப கியாஸ் செலவும் சேரும். வண்டியை விடறதுக்கு முன்னாடியே இதைக் கேட்டுருங்க. ஏர்பேக் இருக்கற வண்டின்னா பேட்டரியைக் கழட்டிட்டு கொஞ்ச நேரம் விட்டுத்தான் டேஷ்போர்டுல கை வைப்பாரான்னும் கேளுங்க. இதே கார் டேஷ்போர்டை ஏற்கனவே இறக்கி ஏத்தின ஆளா பாருங்க, புது ஆள் கையில போனா பிளாஸ்டிக் காது எல்லாம் உடைஞ்சு அப்புறம் குழியில இறங்கும்போதெல்லாம் கடகடன்னு சத்தம் வரும். நான் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் எந்த எடத்துதுன்னு டப்பா டப்பாவா போட்டு வெச்சு போட்டோ எடுக்கற ஒரு பையன்கிட்ட கொடுத்தேன், இன்னி வரைக்கும் சத்தம் இல்ல. பெட்டி திறந்திருக்கும்போதே ப்ளோயர் மோட்டார், உள்ள பொடிஞ்சு போன ஸ்பாஞ்சு, ஹீட்டர் வால்வு எல்லாத்தையும் பாத்து மாத்திரச் சொல்லுங்க, இன்னொரு தடவை இறக்கற வேலை மிச்சம்.

காயில் ஏன் போச்சுங்கறதைப் பாக்காம புதுசு போட்டா அதுவும் போகும். என் வண்டிக்கு முந்தின ஓனர் போர் தண்ணியை ஊத்தியே ஓட்டியிருக்கார், உப்புத்தண்ணி அலுமினியத்தை உள்ளிருந்தே தின்னுரும். இஞ்சின் எர்த் வயர் துருப்பிடிச்சிருந்தா கரண்ட் கூலண்ட் வழியா பாய்ஞ்சும் அரிக்கும். மல்டிமீட்டர்ல ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்ல வெச்சு, இஞ்சின் ஆறினதுக்கு அப்புறம் இன்னொரு முனையை ரேடியேட்டர் கூலண்ட்ல மட்டும் படற மாதிரி விட்டுப் பாருங்க, 0.1 வோல்ட்டுக்குள்ள இருந்தா நிம்மதி, 0.3 தாண்டினா எர்த்தைச் சரி பண்ணாம விடக் கூடாது. என்னுதுல 0.4 காட்டுச்சு, இஞ்சின்ல இருந்து பாடிக்கு வர்ற எர்த் பட்டையைக் கழட்டி தேய்ச்சு மாட்டினதும் 0.05க்கு இறங்கிருச்சு. கூலண்டை பாட்டில்ல போட்டிருக்கற கெடுவுக்கு மாத்துங்க, தனியா கலக்கறதா இருந்தா டிஸ்டில்டு வாட்டர்தான்.

எந்த வழியில போனாலும் கார்பெட்டை விட்டுறாதீங்க. பைபாஸ் போட்டாச்சுன்னு அண்ணன் கார்பெட்டை அப்படியே விட்டார், அடியில இருக்கற பஞ்சு கூலண்டை குடிச்சுட்டு இருந்துச்சு, மாசக்கணக்குல வாசம் போகல, தூக்கிப் பாத்தா தகரம் செம்பட்டையா துரு ஏறியிருந்துச்சு. கழட்டி நல்ல தண்ணியில ரெண்டு மூணு தடவை அலசி வெயில்ல போட்டாத்தான் போகும். அந்த அலசின தண்ணியையும் இறக்கின கூலண்டையும் வாசல்ல தேங்க விட்டுறாதீங்க, தித்திப்பா இருக்கறதால நாய், பூனை நக்கிரும், கொஞ்சம் குடிச்சாலே சிறுநீரகம் போய்ச் செத்துரும். மெக்கானிக் ஷெட் வாசல்ல எப்பவும் படுத்திருக்கற செவலை நாய் ஒண்ணு அன்னிக்கு கூலண்ட் இறக்கி வெச்ச தட்டுக்கிட்ட மோந்துகிட்டு வந்துச்சு, பையன் வேலையை அப்படியே போட்டுட்டு ஓடி வந்து தட்டை எடுத்து மூடி போட்ட கேன்ல ஊத்தி உயரத்துல வெச்சுட்டுத்தான் மறுபடி ஸ்பேனரைத் தொட்டான்.